ஐந்தாவது லேனில் ஒரு மீட்டர்

பள்ளிக்கூடத்தில் நான் எந்தப் பந்தயத்திலும் ஓடியது இல்லை. சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மார்கழி, தை வந்தால் சுவரில் தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே தூங்குவேன். பி.டி. பீரியடில் எனக்கு ஒரே வேலைதான். புளியமரத்தடியில் உட்கார்ந்து எல்லாருடைய செருப்புக்கும் காவல். நாற்பது ஜோடி செருப்பையும் ஆள் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவேன். ஹவாய் செருப்பில் ஊக்கு குத்தியிருந்தால் யாருடையது, டயர் செருப்பு யாருடையது, எல்லாம் அத்துப்படி.

1993-இல் ஒன்பதாம் வகுப்பு. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். மைதானம் மட்டும் பெரிது. எங்கள் பக்கம் பள்ளிக்கூடங்களுக்கு இடப் பஞ்சம் கிடையாது. அழகப்பச் செட்டியார் ‘சிக்ரி’ என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கரையும் 15 லட்சம் ரூபாயையும் தூக்கிக் கொடுத்த ஊர் இது. சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக்கூட யாரோ ஒரு செட்டியார் குடும்பம் ஊருணிக்கரையை ஒட்டி நாலைந்து ஏக்கர் எழுதிவைத்திருக்கும். ஆனால் மண் மோசம். செம்மண்ணில் சரளை. விழுந்தால் முழங்காலில் தோல் தனியாகச் சரளை தனியாகப் பிரித்து எடுக்க வேண்டியிருக்கும். கபடி ஆடும் இடத்தை மட்டும் கொத்தி, சல்லடையில் சலித்து, கண்மாய் வண்டல் கலந்து மெத்தென்று வைத்திருப்பார் பி.டி. சார்.

அந்த சார் அதிகம் பேச மாட்டார். விசிலும் கண்ணும்தான். காரைக்குடி அழகப்பா உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். அங்கிருந்து பயிற்சி மாணவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் வாய் திறப்பார். மற்றபடி, ‘ஓடு’, ‘நில்லு’, ‘தண்ணி குடிக்காதே, வாயைக் கொப்பளி’. அவ்வளவுதான்.

நான் மைதானத்துக்குள் போனதற்குக் காரணம் ஒரு சண்டை. குறுவட்டப் போட்டிக்கு முன்னால் கபடிக் கோர்ட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது பெரிய பையன்களுக்கு நீளம் 12.5 மீட்டர், அகலம் 10 மீட்டர். இப்போது 13-க்கு 10 என்று மாற்றிவிட்டார்கள். நாலு பக்கமும் டேப் வைத்து அளந்தாயிற்று, நாலும் சரி. ஆனால் பார்த்தால் கோர்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி. கேப்டன் சரியாகத்தான் இருக்கிறது என்கிறான், இன்னொருத்தன் இல்லை என்கிறான். சார் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் புளியமரத்தடியிலிருந்து, ‘மூலமட்டம் பாக்கலை சார்’ என்று கத்தினேன்.

எங்கள் அப்பா கொத்தனார். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று பெரிய வீடுகளில் பழுது பார்க்கிற வேலை. வளவில் ஓடு மாற்றுவது, முகப்பில் உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சை எடுத்துப் புதிதாகப் பூசுவது, ஆத்தங்குடிக் கல் பதிப்பது. லீவு நாளில் நானும் கூடப் போவேன். சுவர் எழுப்புவதற்கு முன்னால் அவர் நூல் பிடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவன். ஒரு முளையிலிருந்து இந்தப் பக்கம் 3 அடியில் ஒரு குறி, அந்தப் பக்கம் 4 அடியில் ஒரு குறி. இரண்டு குறிக்கும் நடுவே சரியாக 5 அடி வந்தால் மூலை மட்டம். வரவில்லை என்றால் நூலை நகர்த்து. ஏன் என்று அப்பாவைக் கேட்டால், ‘எங்கப்பா சொன்னாரு’ என்பார்.

சார் கையைக் காட்டி வா என்றார். அளக்கும் டேப்பை என் கையில் கொடுத்தார். 3 மீட்டர், 4 மீட்டர், 5 மீட்டர் என்று வைத்துக் காட்டினேன். மூலை முக்கால் அடிக்கு மேல் தள்ளி இருந்தது. எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட்டோம். கடைசியில் சார் வந்து குறுக்கே டேப்பைப் பிடிக்கச் சொன்னார், இந்த மூலையிலிருந்து எதிர்மூலைக்கு. 16 மீட்டர். மற்ற மூலையிலிருந்தும் 16. சார் ஒன்றும் சொல்லவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். அடுத்த நாளிலிருந்து என் பெயர் ‘மூலமட்டம்’. இன்றைக்கும் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் யாராவது பின்னால் இருந்து அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

செருப்புக் காவல் வேறு ஒருத்தனுக்குப் போயிற்று.

அதற்கப்புறம் எல்லாக் கோடும் என் கோடுதான். கபடி, வாலிபால், பூப்பந்து, கோகோ. ஒவ்வொன்றுக்கும் குறுக்களவு மனப்பாடம். வாலிபால் 18-க்கு 9, குறுக்கே 20.12. பூப்பந்து 24-க்கு 12, குறுக்கே 26.83. நாலு பக்கமும் சரியாக இருந்து, இரண்டு குறுக்கும் சமமாக வந்துவிட்டால் கோர்ட் தப்பாது. டால்டா டின் ஒன்றின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அதில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, இரண்டு நூலுக்கு நடுவே ஆட்டிக்கொண்டே போவேன். கோடு 5 சென்டி அகலம். ஆட்டுகிற வேகம் மாறினால் கோடு பெருத்துவிடும், அதைப் பார்த்து ‘மூலமட்டம் கோடு கர்ப்பமா இருக்குடா’ என்பார்கள்.

சுண்ணாம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வருவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கடையில் கிடைத்ததை வாங்கி இடித்துத் தூவிக்கொண்டிருந்தார்கள். கபடி ஆடிய பையன் ஒருத்தன், வேர்வை உடம்போடு கோட்டின் மேல் விழுந்து புரண்டு எழுந்தான். சாயங்காலம் அவன் தோளில் கொப்புளம். அப்பாவிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கே வந்து ஒரு கட்டியை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் காட்டினார். புஸ்ஸென்று ஆவி. ‘சார், இது நீறாத சுண்ணாம்பு. ஈரம் பட்டா பொங்கும். கண்ணுல பட்டா கண்ணு போயிரும்.’ அதிலிருந்து நீற்றி, சலித்து, நன்றாக ஆறவைத்த சுண்ணாம்பு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும். சாக்குக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார் அப்பா. பள்ளிக்கூடப் படி ஏறி ஒரு வாத்தியாரிடம் அவர் நிமிர்ந்து பேசியது அந்த ஒரு தடவைதான்.

குறுவட்டப் போட்டிக்கு டவுன் பஸ்ஸில் போவோம். கபடிக்கு ஏழு பேரும் மாற்று ஆட்களும், அவர்களோடு நான். ஸ்கோர் எழுத. எங்கள் கேப்டன் பாடிப் போனால் எதிர்ப்பக்கம் மூன்று பேராவது பின்வாங்கிக் கோட்டை மிதிப்பார்கள், அப்படி ஒரு வேகம். கால் எட்டுவதற்கும் அதிகமாக எட்டும். வகுப்பில் அவன் கடைசி பெஞ்சு, தமிழ்ச் செய்யுள் நாலு வரி சொல்ல வராது, வாத்தியார் கேள்வி கேட்டால் தலை குனிந்தபடி நிற்பான். அதே ஆள் கோர்ட்டுக்குள் இறங்கினால் ஆறு பேரை அதட்டி நிறுத்துவான். கபடியை 1990-இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் சேர்த்து, இந்தியா தங்கம் வாங்கிய கதையை சார் சொன்ன நாளில் அவன் மட்டும் கண் கொட்டாமல் கேட்டான். பொங்கலை ஒட்டி சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய் தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தபோது சார் அவனை அடிக்கவே போய்விட்டார். ‘மண்டலப் போட்டி இருக்கு, மாடு எங்கடா ஓடிப்போகுது?’

அவன் பத்தாவதில் கணக்கில் போய்விட்டான். திரும்ப எழுதித் தேறவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அவனை இழுத்து வந்தது மைதானம்தான், அது பத்தாவதில் இல்லாமல் போனதும் அவன் வருவதற்கு ஒரு காரணமும் மிஞ்சவில்லை. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் ஓடுபாதை.

சார் ஒரு நாள் காகிதம் ஒன்றை நீட்டினார். 200 மீட்டர் ஓடுபாதை போட வேண்டும், ஸ்போர்ட்ஸ் டேக்கு ஐந்து லேன். நேர்கோடு இரண்டும் நாற்பது நாற்பது மீட்டர். மிச்சம் 120 மீட்டரும் இரண்டு வளைவில் வர வேண்டும். இரண்டு அரை வட்டமும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம், சுற்றளவு 120. ஆரம் 19.09. ஆனால் ஓடுகிறவன் கோட்டின் மேல் ஓட மாட்டான், உள்கோட்டிலிருந்து ஒரு ஜாண் தள்ளித்தான் ஓடுவான். அதற்கு 20 சென்டி கழிக்க வேண்டும். ஆகக் கயிறு 18.89. நடுவில் ஒரு கம்பியை அடித்து, கயிற்றைக் கட்டி, மறுமுனையில் ஆணியை வைத்து மண்ணில் கீறிக்கொண்டே அரை வட்டம் வருவேன். ஒரு லேன் 1.22 மீட்டர் அகலம், ஒவ்வொன்றுக்கும் கயிற்றை அவ்வளவு நீட்ட வேண்டும். நைலான் கயிறு என்றால் இழுக்க இழுக்க நீளும். அப்பா சணல் கயிற்றில் மெழுகு தேய்த்துக் கொடுத்தார்.

வெளி லேனில் ஓடுகிறவனுக்குச் சுற்று அதிகம் அல்லவா, அதனால் முன்னால் நிறுத்த வேண்டும். எவ்வளவு? சார் ஒரு எண்ணைச் சொன்னார், 7.67. லேனுக்கு லேன் அதே 7.67. எனக்கு நம்பிக்கை இல்லை. வெளியே போகப் போக வட்டம் பெரிதாகிறதே, வித்தியாசமும் பெரிதாக வேண்டாமா? சாருக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. ‘புஸ்தகத்துல போட்டிருக்குடா’ என்றார். அப்பா, சார், இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்.

கணக்கு சாரிடம் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. எங்கள் பி.டி. பீரியடை எடுத்துக்கொள்கிறவரே அவர்தான். வாரம் இரண்டு பி.டி. பீரியடில் ஒன்று நிச்சயம் அவருக்கு. வாசலில் வந்து நிற்பார், ‘உட்காருங்க, உட்காருங்க’ என்பார், முடிந்தது. அந்த ‘உட்காருங்க’வை இன்றைக்குக் கேட்டாலும் வயிறு கலங்கும். ஆனால் ஒரு நாள் சாயங்காலம், வீட்டுக்குக் கிளம்பியவர், சைக்கிளை நிறுத்திவிட்டு மைதானத்துக்குள் வந்தார். நான் கயிறும் கையுமாக நிற்பதைப் பார்த்தார்.

‘என்னடா பண்ற?’

சொன்னேன். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டார். குச்சியால் மண்ணில் எழுதினார். உள் வட்டம், இரண்டு பை ஆர். வெளி வட்டம், இரண்டு பை, அடைப்புக்குள் ஆர் கூட்டல் 1.22. ‘கழி’ என்றார். கழித்தேன். ஆர் அடிபட்டுப் போயிற்று. மிச்சம் இரண்டு பை பெருக்கல் 1.22. பைக்கு 22-இன் கீழ் 7 போட்டேன். 7.67.

‘ஆர் எங்கடா?’

‘போயிருச்சு சார்.’

‘அதான். உன் மைதானம் சின்னதா இருந்தாலும் 7.67. பெரிசா இருந்தாலும் 7.67. பூமியைச் சுத்தி லேன் போட்டாலும் அதே 7.67.’

எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். நான் அந்த எழுத்தை அழிக்காமல் சுற்றி நாலு கல் வைத்துவிட்டு வந்தேன். காலையில் ஆடு மிதித்திருந்தது.

1994 பிப்ரவரியில் ஸ்போர்ட்ஸ் டே. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நாலு அணி. ஒலிபெருக்கி, கலர் பேப்பர், தலைமை விருந்தினருக்குக் குடை. பரிசு மேஜையில் எவர்சில்வர். முதல் பரிசுக்கு டிபன் கேரியர், இரண்டாவதுக்கு சோப்பு டப்பா. 200 மீட்டருக்கு பையன்களை நிறுத்தியதும் சுவரோரம் நின்றிருந்த கூட்டத்தில் ஒரே கூச்சல். ஐந்தாவது லேன் பையன் முதல் லேன்காரனுக்கு முப்பது மீட்டர் முன்னால் நிற்கிறான், பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? ‘ஏய், அவனை மட்டும் முன்னாடி விட்டா எப்படிப்பா?’ ‘வாத்தியார் சொந்தக்காரப் பயலா?’ ஒரு பெரியவர் கம்போடு உள்ளேயே வந்துவிட்டார். சார் விசிலை ஊதினார். ஓடினார்கள்.

இரண்டாவது லேன் பையன் ஜெயித்தான். ஐந்தாவது லேன் பையன் இரண்டாவது. வித்தியாசம் நெஞ்சளவு, அவ்வளவுதான். கை தட்டி, டிபன் கேரியர் கொடுத்து, தேசிய கீதம் பாடி, எல்லாரும் போயாயிற்று.

நானும் இன்னொரு பையனும் முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். டேப்பைச் சுருட்டும்போது முனை கையில் தட்டுப்பட்டது. எங்கள் பள்ளிக்கூட டேப் துணி டேப், 30 மீட்டர். முதல் ஒரு மீட்டர் எப்போதோ கிழிந்து போய்விட்டது. அதனால் 1 என்கிற இடத்திலிருந்து பிடித்து, கடைசியில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு அது பழக்கம். இரண்டாவது லேனுக்கு 8.67-இல் குறி. மூன்றாவதுக்கு 16.34. நாலாவதுக்கு 24.01. எல்லாம் ஒன்று கூட்டித்தான் வைத்தேன். ஐந்தாவது லேனுக்கு 30.68 வேண்டும். டேப் நீளத்தைத் தாண்டுவது அது ஒன்றுதான். முழு டேப்பையும் போட்டு, முனை 30-ஐத் தொட்டதும் ஆணி அடித்து, அங்கிருந்து 68 சென்டி வைத்தேன்.

அது 30 இல்லை. 29.

அந்தப் பையன் ஒரு மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறான். நெஞ்சளவில் தோற்றவன்.

வேறு யாருக்கும் தெரியாது. இனிமேல் தெரியவும் வழியில்லை, கோடெல்லாம் காலில் மிதிபட்டுக் கலைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பையன்கூட, ‘என்னடா நிக்கிற, பஸ் போயிரும்’ என்றான். ஐந்தாவது லேன் ஆணி மட்டும் இன்னும் இருந்தது. திரும்ப அளந்தேன். 29.68.

ராத்திரி இழுப்பு வந்தது. அப்பா முதுகைத் தடவிக்கொண்டே என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘சுவர்னா இடிச்சுட்டுக் கட்டலாம்’ என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் சாரிடம் போனேன். பி.டி. ரூம் என்பது பழைய ஸ்டோர் ரூம், பந்து, தோல், எண்ணெய் எல்லாம் கலந்து ஒரு வாடை. சொல்லி முடித்தேன். அடிப்பார் என்று நினைத்துக் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றேன். அவர் எழுந்து, ஆணி இருந்த இடத்துக்கு என்னைக் கூட்டிப்போய், தானே அளந்தார். பிறகு முதலில் வந்தவனையும் இரண்டாவதாக வந்தவனையும் கூப்பிட்டு அனுப்பினார்.

‘பி.டி. உஷா தெரியுமாடா?’ என்றார் இரண்டு பேரிடமும். தலையாட்டினார்கள். ‘1984, லாஸ் ஏஞ்சல்ஸ். 400 மீட்டர் தடை ஓட்டம். நொடியில நூத்துல ஒரு பங்கு. வெண்கலம் போச்சு. அங்க கோடு சரியா இருந்துச்சு, போச்சு. இங்க கோடு தப்பு. அதனால திரும்ப ஓடுங்க.’

டிபன் கேரியர்காரன் முகம் சுருங்கியது. அவன் அம்மா அதில் சாப்பாடு கட்டி, அன்றைக்குக் காலையிலேயே கொடுத்தும் அனுப்பியிருந்தார். ஆனால் சாரிடம் முடியாது என்று சொல்ல முடியாது. பிரேயர் மணி அடிக்க இருபது நிமிடம். கோடு கிடையாது, ஐந்தாவது லேன் ஆணியிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் சார் செருப்பை வைத்தார், அதுதான் இவனுக்குத் தொடக்கக் கோடு. பார்க்க ஆள் இல்லை. சார், நான், சத்துணவுக்கு விறகு கொண்டுவந்த ஆயா.

ஓடினார்கள். ஐந்தாவது லேன் பையன் மூன்று எட்டுக்கும் மேல் பின்னால் வந்தான். நேற்றைவிட மோசம்.

எனக்கு நிம்மதியாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அவன் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய், ‘மன்னிச்சுக்கடா’ என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். ‘எதுக்குடா? இப்பதான் தோத்தேன். நேத்து தோக்கலை’ என்றான்.

ரொம்ப நாள் எனக்கு இது புரியவில்லை. இரண்டு தடவையும் இரண்டாவது இடம்தானே, அதே சோப்பு டப்பாதானே.

சார் அந்த வாரமே சொந்தக் காசில் புது டேப் வாங்கிவந்தார்.

பத்தாவதில் எல்லாம் நின்றுவிட்டது. டைம்டேபிளில் பி.டி. என்று எழுதியிருக்கும், அதற்கு மேலேயே பென்சிலில் வேறு பாடம். பத்தாவது பையன் மைதானத்தில் நின்றால் தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகக் கூப்பிடுவார். கபடிக் கேப்டன் சாயங்காலம் எங்கள் வகுப்புச் சுவர் பக்கத்தில் நின்று ஒன்பதாவது பையன்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். நடுவருடத்திலேயே வரவு குறைந்துவிட்டது. கணக்கு சார் நல்ல மனுஷன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் எடுத்துக்கொண்ட பீரியடில் அவனுக்கு ஒரு கணக்கும் ஏறவில்லை. அதே கணக்கை மண்ணில் குச்சியால் எழுதியிருந்தால் ஏறியிருக்குமோ என்னவோ. எனக்கு ஏறிற்று. பத்தாவது பரீட்சையில் பிதாகரஸ் தேற்றம் ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தபோது, கர்ணம் என்று எழுதும் முன்னால் என் மனதில் வந்தது கபடிக் கோர்ட்டின் குறுக்குக் கயிறு.

நான் டிப்ளமோ சிவில் முடித்து, இப்போது அப்பாவின் வேலையைத்தான் செய்கிறேன். ஆட்கள் அதிகம், பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றுகிறவர்கள் வந்த பிறகு பணமும் கொஞ்சம் அதிகம். நூல் பிடிப்பதை மட்டும் வேறு யாரிடமும் விடுவதில்லை.

மகள் இப்போது ஒன்பதாவது. ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன், ‘பி.டி. பீரியட்ல என்னத்தா பண்ணுவீங்க?’

‘பாதி நாள் சயின்ஸ் ரெக்கார்டு எழுதுவோம்பா. மத்த நாள் படியில உட்கார்ந்து பேசுவோம்.’

‘விளையாட மாட்டீங்களா?’

‘பசங்க புட்பால் ஆடுவாங்க.’

பெண் பிள்ளைகள் ஆறாவதில் எல்லாரும் ஓடுகிறார்கள், எட்டாவதில் பாதி, ஒன்பதாவதில் நாலைந்து பேர். மகளிடம் ஏன் என்று கேட்டால் வரிசையாகச் சொல்கிறாள். சுடிதார் துப்பட்டா. கறுத்துப் போயிடுவ என்று வீட்டில் சொல்வது. வேர்த்துப் போய் அடுத்த பீரியடுக்கு உட்கார முடியாது, முகம் கழுவக் குழாயில் தண்ணீர் வராது. அந்த மூன்று நாள். பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. விளையாட்டை வளர்க்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் முதலில் ஒரு தாழ்ப்பாள் வாங்கிக் கொடுக்கலாம். நூறு ரூபாய்கூட ஆகாது. (வாங்கிப் போட்டுவிட்டேன். நாலு கதவுக்கும். ஸ்குரூ உட்பட.)

தாழ்ப்பாள் மாட்டப் போனபோதுதான் பி.இ.டி. மேடத்தைப் பார்த்தேன். சின்ன வயசு. ஸ்போர்ட்ஸ் டே வருகிறது, ஓடுபாதை போட ஆள் இல்லை என்றார். நான் போடுகிறேன் என்றேன். ஒரு நிபந்தனை, உதவிக்குப் படியில் உட்கார்ந்து பேசுகிற கூட்டத்திலிருந்து நாலு பேரைக் கொடுக்க வேண்டும். மேடம் சிரித்துவிட்டுச் சரி என்றார்.

போன சனிக்கிழமை காலை ஆறரைக்கு இறங்கினோம். மகளும் அவள் சிநேகிதிகள் மூன்று பேரும். முதல் அரை மணி நேரம் நெருஞ்சி முள்ளை எடுக்கவே சரியாகிவிட்டது. மேடம் போனில் ஒரு அட்டவணை வைத்திருந்தார். அதில் இரண்டாவது லேனுக்கு 7.04 என்று இருந்தது. நான் 7.67 என்றேன். அவர் போனைக் காட்டினார். நானும் விடவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தோம். அந்த அட்டவணை பெரிய ஸ்டேடியத்துக்குப் போட்டது. அங்கே உள்பக்கம் உயர்ந்த விளிம்புக் கட்டை இருக்கும், முதல் லேன்காரன் கால் இடிக்காமல் 30 சென்டி தள்ளி ஓடுவதாகக் கணக்கு. நம்மிடம் கட்டை இல்லை, சுண்ணாம்புக் கோடுதான். அதற்கு 20 சென்டி. அந்த 10 சென்டி வித்தியாசம்தான் 7.04-ஐயும் 7.67-ஐயும் பிரிக்கிறது. மேடம் உடனே குறித்துக்கொண்டார். எங்கள் பி.டி. சார் இருந்திருந்தால் விசிலை வாயிலிருந்து எடுத்திருப்பார்.

கம்பி அடித்துக் கயிற்றைக் கட்டிக் கொடுத்ததும் நாலு பேரும் மாறி மாறி வட்டம் போட்டார்கள். ஒருத்தி இழுக்கும்போது கயிறு தொய்ந்தது, இன்னொருத்தி திட்டினாள். மகள், மைதானமே பெரிதானால் 7.67-ம் பெரிதாகுமா என்று கேட்டாள். நான் குச்சியைத் தேடினேன். அதற்குள் அவள் சிநேகிதி செம்மண்ணில் விரலாலேயே இரண்டு பை ஆர் என்று எழுத ஆரம்பித்துவிட்டாள்.

எட்டு மணிக்கு வெயில் ஏறிவிட்டது. மேடம் வீட்டிலிருந்து வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் வந்தது. சுண்ணாம்புக் கையோடு தொடாதீர்கள் என்று எல்லாரையும் குழாயடிக்குத் துரத்தினேன். குழாயில் அன்றைக்கு என்னவோ தண்ணீர் வந்தது.

கடைசியாக ஐந்தாவது லேன். வேலி ஓரமாகப் பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘அந்தப் புள்ளைய மட்டும் எதுக்குங்க அவ்வளவு முன்னாடி நிறுத்துறீங்க?’ என்றார். பதில் சொல்ல நான் வாய் திறக்கும் முன்னால் நாலு பெண்களும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள், அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது.

50 மீட்டர் ஸ்டீல் டேப், என்னுடையது. ஒரே இழுப்பில் 30.68 வந்துவிடும். ஆனாலும் ஆணி அடிக்கும் முன்னால், மறுமுனையில் குனிந்து நின்றவளிடம் கேட்டேன்.

‘டேப் முனை சரியா இருக்கா பாத்தியாத்தா?’

‘ஜீரோவுலதான் இருக்குப்பா. மூணு தடவை கேட்டுட்டீங்க.’